மூடி இல்லாத சாக்கடையும் செயலாளர் பதவியும்

பாத்திரக்கடைக்காரனுக்குச் சத்தம் பழகிப்போன ஒன்றுதான்; ஆனால் வியாபாரிகள் சங்கச் செயலாளராகிக் கேட்க வேண்டியிருக்கிற பேச்சு இருக்கிறதே, அதற்கு அண்டா குண்டா உருளுகிற சத்தம் எவ்வளவோ தேவலை.

ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராக மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் கடைத்தெருவில், எங்கள் வரிசைக்கு மட்டும், வாசலை ஒட்டிச் சாக்கடை தோண்டினார்கள். கட்டியும் முடித்தார்கள். மேலே ஸ்லாப் போடாமல் கான்ட்ராக்டர் போய்விட்டார். தை பிறந்தால் கல்யாண சீசன். எனக்கு வருஷச் சோறே அந்த ஒரு மாசத்து வியாபாரம்தான். அதற்குள் வாசல் பள்ளத்தை மூடவில்லை என்றால் என் பாடு அதோகதி.

மலையிலிருந்து வந்தவர்கள்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தார்கள். பழைய வாடிக்கை. ரோட்டுக்கும் கடைக்கும் நடுவே நான் ஒரு பலகை போட்டிருந்தேன். அவர் விறுவிறுவென்று வந்துவிட்டார். அந்த அம்மா ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டார்.

நான் பலகையில் ஏறிக் குதித்தே காட்டினேன். அசையவில்லை. அண்டாவை இங்கிருந்தே தூக்கிக் காட்டினேன். அடியைக் காட்டச் சொன்னார், காட்டினேன். தட்டச் சொன்னார், தட்டினேன். போகிற லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். கடைசியில் எதிர் வரிசைக் கடைக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது அந்த அம்மா சொன்னது: "மலைல எத்தினியோ ஓடை தாண்டித்தான் வர்றோம். அதுல தண்ணி போவுது, தெரியுது. இதுல இன்னா போவுதுன்னே தெரியலீங்களே."

ஆபீசில்

எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நானும் இந்த ஊரில்தான் இன்னும் கடை வைத்திருக்கிறேன். மனுவோடு போய் நின்றேன். அதிகாரி தலையை நிமிர்த்தாமலே, "ஒவ்வொரு கடைக்காரரா வந்தா நான் எத்தினி பேருக்குப் பதில் சொல்றது? சங்கம்னு ஒண்ணு கெடையாதா உங்களுக்கு?" என்றார்.

"நான்தான் சார் சங்கச் செயலாளர்" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே. அவர் எனக்குப் பின்னால் இருந்த வெறும் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி, சங்கம் எங்க?"

பக்கத்துக் கடை செல்வராசு

ஆக, ஆள் சேர்த்தாக வேண்டும். முதலில் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடை செல்வராசுவிடம் போனேன். அவர் வாசலிலும் அதே பள்ளம்தான். தொண்டைத் தண்ணி வற்றப் பேசினேன். சங்கத்தில் இருந்தால் அதிகாரியிடம் தைரியமாகப் போய் நிற்கலாம், லைசென்ஸ் விவகாரத்துக்கு ஆலோசனை சொல்ல வக்கீல் இருக்கிறார், பேங்கில் லோன் கேட்டுப் போனாலும் கூட நாலு பேர் வருவார்கள், ஒருத்தருக்கு ஒன்று என்றால் தெருவே எழுந்து நிற்கும் என்றெல்லாம் சொன்னேன்.

ஃபேனுக்கு இறக்கை மாட்டியபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆள் மசிந்துவிட்டார் என்றே நினைத்தேன். சந்தா ரசீதைக்கூட வெளியே எடுத்துவிட்டேன். அப்போதுதான் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும்ண்ணே, வருஷப் பொறப்புக்குக் காலண்டர் குடுப்பீங்களா? சாமி படம் போட்டதா, தலைவர் படம் போட்டதா?"

கடைசிவரை சேரவில்லை. எங்கள் காலண்டரில் சங்கத் தலைவர் படம்தான்.

கடையடைப்பு

அதிகாரி தெருவுக்கு வந்து பார்க்கட்டும் என்று ஒரு நாள் காலை கடையடைப்புக்கு முடிவு செய்தோம். எங்கள் பொருளாளர் மளிகைக்கடை நாராயணன்தான் கூட்டத்தில் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசியவர். அன்றைக்கு நான் மட்டும் ஷட்டரைத் தரைவரை இறக்கிவிட்டு, என் கடை வாசலில் அநாதை மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அதிகாரி நிஜமாகவே ஜீப்பில் வந்து இறங்கினார். நேரே நாராயணன் கடைப் பலகையில் ஏறி, பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து, ஒரு கிலோ சர்க்கரை கேட்டார். உள்ளேயிருந்து பொட்டலமும் வந்தது. "இன்னிக்குக் கடையடைப்புன்னாங்களே?" என்றார் அதிகாரி. நாராயணன் அசரவில்லை: "அடைச்சுத்தானே சார் வச்சிருக்கேன். வியாபாரம்கூட இன்னிக்குக் கம்மி சார்."

ஸ்லாப் வந்தது

அந்த வெட்கமோ என்னவோ, மறுநாள் நாராயணனே வரிசையிலிருந்த உறுப்பினர்களை இழுத்துக்கொண்டு வந்தார். மொத்தமாக ஆபீசுக்குப் போனோம். என்னை அன்று நிற்க வைத்த அதே அதிகாரி நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார், எங்கள் எதிரிலேயே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். பொங்கலுக்கு முன்னால் லாரியில் ஸ்லாப் வந்து இறங்கியது. சங்கத்துக்குப் பலம் உண்டு, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

தெருமுனையிலிருந்து போட்டுக்கொண்டே வந்தார்கள். செல்வராசு, "நமக்கு லோடு இறங்குற கடை" என்று வேலையாட்களிடம் நைச்சியமாகப் பேசி, தன் வாசலுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். வரிசையில் கடைசிக் கடை என்னுடையது. ஸ்லாப் தீர்ந்துவிட்டது. மிச்சம் அடுத்த மாசம் என்று சொல்லிவிட்டு லாரி போயே போய்விட்டது. அவரவர் வாசல் மூடியபின் கூட வர ஆளில்லை; நான் தனியாகத்தான் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன்.

தையில் முதல் முகூர்த்தம் நெருங்கியது. கல்யாண வீட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பலகையைப் பார்த்துவிட்டு எதிர் வரிசைக்குப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். அப்போது செல்வராசு தன் ஸ்லாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் வாசலை உண்மையான அக்கறையோடு பார்த்துச் சொன்னார்: "இன்னாண்ணே, தனியாப் போய் கேட்டுகினு இருந்தா எவன் மதிப்பான்? நாலு பேரா சேந்து போங்கண்ணே. நம்ம ஜனங்ககிட்ட ஒத்துமையே கெடையாதுண்ணே."

வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்தால் என்ன லாபம் என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், சேராதவரிடம் அனுப்பி வைப்பதாக இருக்கிறேன்.