குறுக்கிட்டவர் யார்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டு, தங்கள் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். தண்ணீர் மோட்டார் விற்கும் நிறுவனம் அது. திங்கட்கிழமை காலையில் மேலாளர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போடுவார்கள். மேசை நடுவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். மதியம் அது அக்காவிடம் வரும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, யார் என்ன பேசினார் என்று அவள் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும்.

தட்டச்சு செய்த தாள் பெரியவருக்குப் போகும். அவர்தான் முதலாளி. முட்டிவலி வந்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. தாளில் இருக்கும் பேச்சையெல்லாம் அவர் படிப்பதும் இல்லை. 'குறுக்கிட்டார்' என்று அக்கா போட்டிருக்கும் இடங்களை மட்டும் விரலால் தடவிப் பார்ப்பார்.

"யார் பேச்சை யார் வெட்டுறாங்கன்னு தெரிஞ்சா போதும்மா எனக்கு. வெட்டுறவன் தேறிடுவான். வெட்டுப்படுறவனுக்கு வேற இடம் பாத்துடலாம்."

அங்கே பதவி ஏறியதும் இறங்கியதும் இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். மேலாளர்கள் யாருக்கும் இது தெரியாது. விற்பனைத் தொகை, வாடிக்கையாளர் திருப்தி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

அவளைப் படுத்தி எடுத்தது அவர்கள் பேசிய இங்கிலீஷ். சேல்ஸ் மேலாளர் எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. நான்தான் இங்கே ஆல்பா என்பார். டாப் டாக் என்பார். பெக்கிங் ஆர்டர் தெரிந்து நடந்துகொள் என்பார். அவளுக்குப் புரியாததை வீட்டில் தம்பியிடம்தான் கேட்பாள்.

"பெக்கிங் ஆர்டர்னா கோழிங்களுக்குள்ள ஒரு வரிசைக்கா. எது எதைக் கொத்தலாம்னு. டாப் டாக்னா கூட்டத்துல மேல நிக்கிற நாய். ஆல்பான்னா எல்லாத்துக்கும் முன்னாடி திங்கிறது."

"இப்படியெல்லாமா ஒருத்தர் தன்னையே சொல்லிக்குவாரு?"

"அது பெருமைக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நம் பேச்சிலும் இதெல்லாம் உண்டுதான். என்னிடம் வாலாட்டாதே என்கிறோம், உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்கிறோம். ஆனால் அதெல்லாம் திட்டுவதற்கு. இவர்கள் வாலையும் கொம்பையும் பட்டமாக அல்லவா சூட்டிக்கொள்கிறார்கள்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. பதிவைக் கேட்கும்போது பேச்சுக்கு அடியில் வேறு ஏதோ இருப்பது அவளுக்குத் தெரியவந்தது. கூட்டம் தொடங்குவதற்கு முன் வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடும் சத்தம். யாராவது குறுக்கிடுவதற்குச் சற்று முன், தொண்டைக்குள் உருளும் ஒரு தாழ்ந்த உறுமல். கருவி கெட்டுவிட்டது என்று வேறு வாங்க வைத்தாள். புதியதில் இன்னும் தெளிவாகக் கேட்டது. ஒரு நாள் கூட்ட அறையைப் பெருக்கும் பெண் தரைவிரிப்பைக் காட்டினாள். மேசைக்கு அடியில், நாற்காலிகளுக்கு முன்னால், நூல் நூலாகப் பிறாண்டப்பட்டிருந்தது.

"ஷூ பட்டிருக்கும்," என்றாள் அக்கா.

"ஷூவுக்கு நகம் இருக்குமாக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பியைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. வந்த வரன்களையெல்லாம் அவனுக்காகத் தட்டிக் கழித்தவள் அவள். அந்த நிறுவனத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். பழுது பார்க்கும் பிரிவில் நல்ல பெயர் எடுத்திருந்தான், அதனால்தான் கூப்பிட்டார்கள். ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவான். சாப்பாட்டு மேசையில் அவள் உட்காராமல் அவன் தட்டைத் தொட்டதில்லை.

அவன் போன முதல் கூட்டத்தின் பதிவை அவள் இரண்டு முறை கேட்டாள். ஒரு வாக்கியத்தைக்கூட அவன் முடிக்கவில்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறுமல், உடனே கிடங்கு மேலாளரின் குறுக்கீடு. கிடங்கு மேலாளர் கெட்டவர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவர். ஆனால் இருந்ததை இருந்தபடி எழுதினால் பெரியவரின் விரல் தம்பியின் மேல்தான் வந்து நிற்கும். தம்பிக்கு வேலை போய்விடும்.

அவள் மாற்றி எழுதினாள். கிடங்கு மேலாளர் பேசிக்கொண்டிருந்ததாகவும் தம்பி குறுக்கிட்டதாகவும் எழுதினாள். வெறும் குறுக்கீடு நம்பும்படி இருக்காது என்று அவன் வாயில் ஒரு வரியையும் வைத்தாள்: "நான் முடிக்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது." தம்பி ஜென்மத்தில் அப்படிப் பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். மனசு உறுத்தியது. என் பிள்ளை, நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள் என்று அதை அடக்கிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமைப் பதிவில் கிடங்கு மேலாளர் பேச ஆரம்பித்தார். உறுமல் வந்தது. பிறகு தம்பியின் குரல், ஓர் எழுத்தும் பிசகாமல்:

"நான் முடிக்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது."

அவள் பெடலை மிதித்துப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். அந்தத் தாளை அவளையும் பெரியவரையும் தவிர யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டில் மெல்ல விசாரித்தாள். "கூட்டத்துல இன்னைக்கு ரொம்பக் காரமா பேசிட்டியாமே?"

"நானா?" என்றான். "தெரியலக்கா. ஞாபகம் இல்ல." பொய் சொல்லும் முகமாக அது இல்லை.

அதன் பிறகு அவள் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தம்பி ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டே போனான். பெரியவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கிடங்கு மேலாளரின் மேசையைத் தூக்கி, கூட்ட அறைக்கு வெளியே, கதவோரமாகப் போட்டார்கள். தம்பி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த மனிதர் எழுந்து நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தன் கழுத்தைக் காட்டுவதை அக்கா பார்த்தாள். பதிவில் இப்போது கதவுக்கு வெளியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. கூட்டம் முடியும்வரை அது ஓயவில்லை. சேல்ஸ் மேலாளரின் குரல் வரவரக் குறைந்து, கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சியது. இப்போது உறுமுவது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. காய்ச்சலில் பிதற்றும்போதும் தூக்கத்தில் உளறும்போதும் பக்கத்தில் இருந்து கேட்ட தொண்டை அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். தாளில் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். பெரியவரிடமும் சொல்லி, கிடங்கு மேலாளரை உள்ளே கூப்பிட வைக்க வேண்டும். வேலை போனால் போகட்டும், இவன் பழைய தம்பியாக இருந்தால் போதும். சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பரவாயில்லை என்று எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்தக் கிடங்கு சார் விஷயத்துல நான் ஒரு தப்பு..."

"நான் முடிக்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது."

தட்டைப் பார்த்தபடியே சொன்னான். குழம்புக் கரண்டி அவன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினாள். இந்த முறை அந்த உறுமல் ஹெட்போன் இல்லாமலே கேட்டது. மேசைப் பலகை வழியாக அவள் மணிக்கட்டில் அது அதிர்ந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மேசைக்கு அடியில் அவள் கால், பின்னால் ஓட்டுவதற்குப் பெடலைத் தேடித் தரையை அழுத்தியது. அவன் மென்று விழுங்கும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை.

கடைசியில் பாத்திரத்தை அவள் பக்கமாகத் தள்ளினான். பிறகு, அவனுடைய பழைய குரலில், பிரியமாகவே சொன்னான்: "இப்ப நீ சாப்பிடுக்கா."

அதுவரை அவன் முடிப்பதற்காகத் தான் காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.