தணிகாசலம் சுரண்டிய முகம்

என் அக்காள் புருஷன் தணிகாசலத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல காஞ்சிபுரத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர் செய்த ஒரே ஒரு கெட்ட காரியத்தைச் சொல்ல நான்தான் இருக்கிறேன். அதைச் செய்ய வைத்தவனும் நான்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், புகழ் பாட இல்லை.

மாமாவுக்கு ராஜவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டூடியோ. கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் எடுப்பார். ஆனால் ஊர் அவரைக் கூப்பிட்டது சாவு வீட்டுக்குத்தான். அப்போதெல்லாம் எங்கள் நெசவுக்கார வீடுகளில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆயுசு குறையும் என்று பயம். மூச்சு நின்ற பிறகு, குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு ஆள் அனுப்புவார்கள். மாமா போய் எடுத்து வருவார். பிறகு மூடிய கண்ணின் மேல் மெல்லிய தூரிகையால் திறந்த கண் எழுதுவார். பதினாறாம் நாள் கருமாதிக்கு அந்தப் படம்தான் சுவரில் ஏறும். "தணிகாசலம் கண் தொறந்தா ஆளு நம்மளையே பாக்கற மாரி இருக்கும்பா" என்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் அவர் மட்டும் புலம்புவார்: "வேணு, ஊர்ல முக்கால்வாசிப் பேரை அவங்க செத்த பின்னாலதான் நான் பாத்திருக்கறேன். இதெல்லாம் ஒரு பொழப்பா?"

நான் அப்போது கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். அத்தோடு நிற்காமல் ரயில் பயணிகள் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் போகிற கரி வண்டியை நம்பிப் பிழைத்தவர்கள் நாங்கள். அறுபத்தெட்டாம் வருஷம், ரயிலைக் கொண்டாட வேண்டும், ஊர்க்காரர்களுக்கு ஒரு போட்டோப் போட்டி வைப்போம் என்று நான்தான் தீர்மானம் போட்டேன். தலைப்பு 'ரயில் பயணம்'. ஏதோ ஒரு பத்திரிகையில் அரைகுறையாகப் படித்ததை வைத்துக்கொண்டு விதிகளும் நானே எழுதினேன். நாலாவது விதி: படத்தில் இருக்கும் யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. நம்ம ஜனங்கள் கேமராவைக் கண்டால் அட்டென்ஷனில் நிற்கும், அதை ஒழிக்க வேண்டும் என்று எனக்குப் பெரிய வீராப்பு. மேதாவி என்று நினைப்பு, வேறென்ன.

மாமாவும் போட்டியில் சேர்ந்தார். இத்தனை வயதில் அவர் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆடி மாதம் முழுக்க, கடையைச் சாத்திவிட்டு விடியற்காலை வாலாஜாபாத் டேஷனில் போய் நின்றார். உயிருள்ள ஜனங்களை ஒரு தடவையாவது எடுக்க வேண்டும் என்றார். அக்காள் அலமு, "சாவு வூட்டுக்குத்தான் ஓடினீங்க, இப்ப வண்டிக்கும் ஓடறீங்களா?" என்று கிண்டல் செய்தாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, கழுவிக் காயவைத்த நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். வண்டி புறப்படப்போகிறது. கீரைக்கட்டோடு ஒருத்தி ஏறுகிறாள், ஒருத்தன் மூட்டையை உள்ளே தள்ளுகிறான், குழந்தை அப்பன் தோளில் தூங்குகிறது, மேலே புகை. அத்தனை பேரும் அவரவர் அவசரத்தில் இருந்தார்கள். நடு ஜன்னலில் மட்டும் ஒரு ஆள் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, முகம் கறுப்பாக இருந்தது, பல்லும் கறுப்பாக இருந்தது. சிரிக்கிறார் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

"இது செல்லாது மாமா. நாலாவது விதி இருக்குதே."

"ஒரே ஒரு ஆளுதானே மச்சான்."

"செயலாளர் மாமனுக்கு மட்டும் தனி ரூலான்னு நாளைக்கு ஊரே கேக்கும். சுரண்டிடுங்க."

சுரண்டுவது அவர் தொழிலில் தினமும் நடப்பதுதான். பிளேடு முனையால் நெகட்டிவின் மேல் படிந்திருக்கும் கறுப்பை எடுத்துவிட்டால், பிரிண்டில் அந்த இடம் இருட்டாகிவிடும். ஜன்னலுக்குள்ளே இருட்டு இருப்பது இயல்புதானே, ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் எடுத்த கறுப்பைத் திரும்ப ஒட்ட முடியாது. மாமா பிளேடைக் கையில் எடுத்தவர், திரும்பவும் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சிரிக்கிற மூஞ்சிடா வேணு. முதல்ல ஒரு பிரிண்டாவது போட்டு வச்சிக்கறேனே."

"சுரண்டாத பிரிண்ட் ஒண்ணு கடையில கெடந்து எவன் கண்ணுலயாவது பட்டா என் மானம் போயிடும். வேணாம்."

அவர் சுரண்டினார். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

முதல் பரிசு அந்தப் படத்துக்குத்தான். பள்ளிக்கூட ஹாலில் பார்வைக்கு வைத்தோம். மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தன் படத்தின் பக்கம் போகக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார்.

அதற்கு ஒரு வாரம் கழித்துப் பிள்ளையார்பாளையத்தில் திருஞானசம்பந்தம் என்ற நெசவாளி தறிக்குழியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலி. மாமாவுக்கு ஆள் வரவில்லை. அது எங்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்பப் போனவர்களை இறந்தவரின் சம்சாரம் தையல்நாயகி தடுத்துவிட்டாளாம். "யாரும் போவ வேணாம். அவுரு உசுரோட சிரிச்சிக்கினு இருக்கற படம் போட்டோக்காரர் கிட்ட இருக்குது. கண்ணு மூடின படம் எனக்கு எதுக்கு?" என்றாளாம். ஆடிக்குப் பெண்ணை அழைத்துவர வண்டியேறிப் போன மனிதர், திரும்பி வந்து அவளிடம் சொல்லியிருக்கிறார்: வாலாஜாபாத்தில் ராஜவீதி போட்டோக்காரர் என்னைப் படம் பிடித்துவிட்டார், நானும் பார்த்துச் சிரித்துத் தொலைத்துவிட்டேன் என்று. அன்றைக்கு அவள் ஆயுசு குறையும் என்று அவரைத் திட்டியிருக்கிறாள். இப்போது அந்த ஒரு படத்தை நம்பிப் பிணத்தைப் படமில்லாமல் எரிக்க விட்டுவிட்டாள்.

அவள் தம்பி முனிரத்தினம்தான் முதலில் கடைக்கு வந்தான். விஷயத்தைச் சொல்லி, கருமாதிக்குப் படம் வேண்டும் என்றான். மாமா முகம் வெளுத்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"வேற யாரோ புடிச்சிருப்பாங்கப்பா. நாங்க எடுத்த படத்துல அப்படி ஒரு ஆளு இல்லியே. வேணும்னா பாத்துக்கோ."

பரிசுப் படத்தைக் காட்டினேன். அவன் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், போய்விட்டான். அவன் படி இறங்கியதும் மாமா கேட்டார்: "இன்னாடா இப்படி சொல்லிட்ட?" நான் சொன்னேன்: "உண்மையச் சொன்னா மட்டும் மூஞ்சி திரும்பி வந்துடப் போவுதா?" அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை என்று அக்காள் சொன்னாள்.

மறுநாள் காலை தையல்நாயகியே வந்துவிட்டாள். தாலி இறக்காத, பதினாறு கழியாத பொம்பளை வாசல் தாண்டி வரவே கூடாது. தெருவே நின்று பார்த்தது. முக்காடு போட்டுக்கொண்டு, பின்னால் ஓடி வந்த முனிரத்தினத்தைக் கூடக் கவனிக்காமல், நேராக உள்ளே வந்தாள்.

"எங்க அந்தப் படம்?"

மாமா எடுத்து வைத்தார். அவள் குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். விரல் நடு ஜன்னலில் நின்றது.

"இது யாரு கை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தையும் தோளையும் சுரண்டி எடுத்த மாமா, பார்க்க அழகாக இருக்கிறதென்று கையை விட்டிருக்கிறார். ஹாலில் பத்து நாள் மாட்டிவைத்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

"யாரோ பிரயாணி..." என்று ஆரம்பித்தேன்.

"யாரோவா? இந்தச் சுண்டு விரல் உள்ள மடங்கி இருக்குதே, பாரு தம்பி. சின்ன வயசுல தறியில மாட்டி ஒடிஞ்ச விரலு. இருவத்தாறு வருசம் இந்தக் கைக்குச் சோறு போட்டிருக்கறேன், எனக்குத் தெரியாது? கை இங்க இருக்குது. ஆளு எங்க?"

மாமா எழுந்து நின்றார். எனக்குத் தெரியும், இனி என் பெயர் வரும் என்று. செயலாளர் சொன்னார், விதி இருந்தது, மச்சான் வற்புறுத்தினான். எதைச் சொன்னாலும் உண்மைதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"நான்தாம்மா சுரண்டிட்டேன். கேமராவைப் பாக்கற ஆளு இருந்தா பரிசு கெடைக்காது. பரிசுக்கு ஆசைப்பட்டு இந்தக் கையால நான்தான் சுரண்டினேன். திரும்ப எடுக்க முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி பேரு இருக்கறாங்க. ஒருத்தராவது நம்மளைப் பாக்கறாங்களா? அவுரு ஒருத்தருதான் பாத்தாரு. அவரைப் போயி எடுத்துட்டீங்களே ஐயா" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. முனிரத்தினம் மாமாவின் சட்டையைப் பிடித்தான். அவர் தடுக்கவில்லை. அவள்தான் தம்பியின் கையைத் தட்டிவிட்டாள்.

கொஞ்சம் அடங்கியதும் முனிரத்தினம் சொன்னான்: "நீதான் பொணத்துக்கே கண்ணு எழுதற ஆளாச்சே. அக்கா சொல்லச் சொல்ல மூஞ்சியை எழுதிக் குடு." மாமா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "எழுதிடுவேன்பா. ஆனா அது அவரா இருக்காது. வேற எவனோ ஒருத்தனை இந்தம்மா காலம் பூரா கும்பிட்டுக்கினு இருக்கணும். இன்னொரு தப்பு என்னால பண்ண முடியாது." தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவுரு எப்படிச் சிரிச்சாரு? அதையாவது சொல்லுங்க." மாமா சொன்னார். வெற்றிலை போட்டிருந்தாராம், வாயை மூடிக்கொள்ளப் பார்த்து முடியாமல் சிரித்தாராம், வண்டி நகர்ந்தபின் கையை ஆட்டினாராம். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள்.

பதினாறாம் நாள் மாமா தானே ஒரு படத்தைச் சட்டம் போட்டுச் சுமந்துகொண்டு போனார். இருட்டு ஜன்னலும் அந்தக் கையும் மட்டும், பெரியதாக. பங்காளிகள் முணுமுணுத்தார்கள். கைக்கு எங்கேயாவது பொட்டு வைப்பார்களா என்றார் ஒருவர். தையல்நாயகி சந்தனத்தைக் குழைத்து மணிக்கட்டில் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். மாலையை அவளே சாத்தினாள். மாமா கடைசிப் பந்தி முடியும்வரை வாசலில் நின்றுவிட்டு வந்தார்.

அதன் பிறகு அவர் தன் காலம் முழுக்கப் பரிசைப் பற்றிப் பேசவில்லை. கோப்பையைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஏன் என்று யாரும் கேட்டால் சிரித்து மழுப்புவார். சாவு வீட்டுக்குப் போவதை விடவில்லை. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போய், "உசுரோட இருக்கறப்பவே ஒரு படம் எடுத்துக்கோங்கப்பா, ஒண்ணும் ஆவாது" என்று கெஞ்சுவார். பாதிப் பேர் கதவைச் சாத்துவார்கள். தையல்நாயகி ஊராரிடம் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சுரண்டியவர் தணிகாசலம் என்றுதான் சொன்னாள். அவர் ஒரு நாளும் திருத்தவில்லை. என்னிடம் கூட, "நீ சொல்லித்தானே" என்று ஒரு பேச்சுப் பேசியதில்லை. இரண்டொரு தடவை நானே பேச்செடுத்தேன். "விடுடா, பிளேடு என் கையிலதானே இருந்துச்சு" என்பார். அதுதான் சாக்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

எழுபத்தாறில் மாமா இறந்துபோனார். தையல்நாயகி வந்தாள். அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, வெளியே பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நல்ல மனுசன் தம்பி. தப்புப் பண்ணாலும் மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கினாரு" என்றாள்.

எட்டு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்ததைக் கக்கிவிட்டேன். விதி எழுதியது நான், சுரண்டச் சொன்னது நான், பிரிண்ட் போட வேண்டாம் என்றது நான், உன் தம்பியிடம் பொய் சொன்னதும் நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்பா. அன்னிக்கு அவுரு நான்தான்னு சொன்னப்ப நீ தரையைப் பாத்துக்கினு இருந்தியே, அப்பவே தெரியும். ஊருக்கெல்லாம் அவர் பேரைச் சொல்லிக்கினு இருந்ததே, உன் காதுல வுழுந்து நீயா வந்து சொல்லுவேன்னுதான்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே படுக்கவைத்திருந்தவரைப் பார்த்தாள்.

"அவுரு உசுரோட இருக்கறப்ப சொல்லியிருந்தீன்னா, அவரும் கேட்டிருப்பாரு" என்றாள்.