பாஸுங்களா, பெயிலுங்களா?

காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தால், ஆறடிக்கு மேலே வளர்ந்த ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருப்பார். "பாஸுங்களா, பெயிலுங்களா?" என்று கேட்பார். நான் அவரைச் சுற்றி வந்து, பனியனின் கீழ்மடிப்பைத் திருப்பி, தோள் மூட்டை இழுத்து, அக்குளில் தையல்கள் கூடுகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர் வேலைக்குக் கிளம்புவார். நார்வே தேசத்தில் நான் தங்கியிருந்த நாற்பது நாளும் இப்படித்தான் விடிந்தது, நடுவில் ஒரு பத்து நாளைத் தவிர.

அவர் என் சிநேகிதியின் மருமகன். சிநேகிதி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில், ஒரே செக்கிங் மேசையில், எதிரும் புதிருமாக நின்று நாங்கள் கிழவிகளானோம். தைத்து வருகிற துணியில் குற்றம் பார்த்துப் பாஸ், பெயில் என்று பிரிப்பதுதான் எங்கள் வேலை. எனக்கு எழுத்து அதிகம் வராது. பஸ்ஸில் ஊர்ப் பேரைக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். துணியில் மட்டும் நான் கூட்ட வேண்டியதில்லை, விரல் பட்டதும் சொல்லிவிடும். சிநேகிதியின் மகள் படித்து நார்வேக்கு வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். பிள்ளை உண்டானதும் அம்மாவை அழைத்துக்கொண்டாள். அம்மாக்காரி போன கையோடு, "நீயும் ஒரு எட்டு வந்துட்டுப் போளா, எனக்கு இங்க பேச்சுத்துணைக்கு ஆளில்ல" என்று என்னையும் வரவழைத்துவிட்டாள்.

விமானத்தை விட்டு இறங்கிய இடத்தில் மாப்பிள்ளை குனிந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் கை அவர் பின்கழுத்தில் பட்டது. பனியனின் கழுத்துப் பட்டையில் ஒரு தையல் விழாமல் தாவியிருந்தது. "ஏனுங் மாப்பிள்ளை, இது பெயிலுங்கோ" என்றேன். "ஏளா, வந்து எறங்குன எடத்துலயே மானத்த வாங்காத!" என்று சிநேகிதி என் தோளில் அடித்தாள். மகள் அர்த்தம் சொன்னதும் அந்த மனுசன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் காலையிலிருந்து இரண்டு கையும் மேலே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா காப்பிக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். நெட்டையான மனுசி, ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, நிமிர்ந்த முதுகு. தன் கையால் பின்னிய கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அந்த ஊரில் அவர் பின்னலுக்கு மிஞ்சின பின்னல் இல்லையாம். மாப்பிள்ளை விளையாட்டாக அம்மாவையும் கையைத் தூக்கச் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே தூக்கினார். நான் கைமுனையைத் திருப்பினேன். உள்பக்கத்தில் பின்னல் கண்ணி ஒன்று விட்டுப்போயிருந்தது. வேடிக்கை வேடிக்கைதான், ஆனால் என் விரலுக்கு வேடிக்கை தெரியாதே. "பெயிலுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. அந்தக் கண்ணியையே கொஞ்ச நேரம் பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோயின. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"எம்மவ வாழ வந்த வீடுளா இது" என்று சிநேகிதி கண் கலங்கினாள். "பேறுகாலம் பாத்துட்டு நான் ஊருக்குப் போயிருவேன். அதுக்கப்புறம் பச்சப்புள்ளயோட அவளுக்கு அந்த அம்மாதான கதி. அவுகளப் போயி கொற சொல்லிட்டியே!" ஞாயிறு தவறாமல் வருகிறவர் அடுத்த ஞாயிறு வரவில்லை, போனும் இல்லை. "பரவால்ல பெரியம்மா" என்று மகள் சொன்னாள், ஆனால் கண் போன் மேலேயே இருந்தது. மாப்பிள்ளை காலையில் கையைத் தூக்காமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார். என் வாய் எனக்கே கசந்தது. ஆனாலும், இல்லாத குற்றத்தையா சொன்னேன் என்று மனசுக்குள் ஒரு வீம்பும் கிடந்தது.

பத்தாம் நாள், மாப்பிள்ளை வேலை முடிந்து வந்த நேரத்தில், அந்த அம்மா வந்தார். மேசை மேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புதுக் கம்பளிச் சட்டை. நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டு, என் அளவுக்கே பின்னியது. "பாஸ்?" என்றார் என்னைப் பார்த்து. சிநேகிதி என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏளா, ஒன் பொன்னான வாயால பாஸுன்னு சொல்லிரு. புள்ளத்தாச்சி மொகத்தப் பாரு."

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்தேன். கை, தோள், கீழ்மடிப்பு, எங்கேயும் ஒரு கண்ணி பிசகவில்லை. உள்ளே திருப்பினால் வெளிப்பக்கம் மாதிரியே உள்பக்கமும் இருந்தது. இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை. மனசு நிறைந்து பாஸ் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் கடைசியாகச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லையே. கம்பெனியில் ஒரு தடவை, "தையல் நல்லாத்தான இருக்குது, விடுங்கக்கா" என்று அவசரப்படுத்தினார்கள் என்று குழந்தைப் பனியன்களை இழுத்துப் பார்க்காமலே பாஸ் சொல்லி விட்டுவிட்டேன். கழுத்து விரியாமல் எந்தக் குழந்தைக்கும் தலை நுழையவில்லை. அனுப்பினதெல்லாம் திரும்பி வந்து குவிந்து கிடந்தது. அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் கழுத்துக்குள் இரண்டு கையையும் விட்டு இழுக்காமல் நான் விட்டதில்லை.

கழுத்துக்குள் கையை விட்டேன், இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. கடைசி வரிசையைக் கயிறு மாதிரி இறுக்கி முடித்திருந்தார். சிநேகிதி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "வேண்டாம்ளா" என்றாள். நான் பாஸும் சொல்லவில்லை, பெயிலும் சொல்லவில்லை. சட்டையை இரண்டு கையாலும் எடுத்து அந்த அம்மாவிடமே நீட்டினேன். "நீங்களே போட்டுப் பாருங்க, சம்பந்தியம்மா."

அவர் விறைப்பாக வாங்கித் தலைவழியே மாட்டினார். கை இரண்டும் மேலே போயின. சட்டை வெடுக்கென்று நின்றது. கழுத்து வழியாக ஒரு கொத்து வெள்ளை முடி மட்டும் வெளியே வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்படி இழுத்தார், இப்படி இழுத்தார். உள்ளே ஏதோ முனகல் கேட்டது. அழுகிறாராக்கும் என்று ஓரடி முன்னால் வைத்தேன். முனகல் பெரிதாகி, தோள் குலுங்கி, கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது:

"பெயில்!"

வீடே சிரித்தது. மாப்பிள்ளை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இழுத்து அவரை வெளியே எடுத்தோம். முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் பெரியம்மா, இப்பவே பொறந்துரும்!" என்றாள். அந்த அம்மா அப்போதே உட்கார்ந்து கடைசி வரிசையைப் பிரித்தார். நான் நூலுருண்டையைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் வேலை செய்தால் கை இறுகும், அது எங்கள் ஊர் டெய்லருக்கும் அப்படித்தான். இப்போது அவர் கை இளகியிருந்தது. முடித்துக் கொடுத்ததும் இழுத்துப் பார்த்தேன், தாராளமாக விரிந்தது. என் கொண்டையோடு மாட்டிக்கொண்டு, "பாஸுங்க!" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டவர் விடவே இல்லை.

இப்போது நான் திருப்பூரில், அனுப்பர்பாளையத்து வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். சிநேகிதியும் ஊர் திரும்பிவிட்டாள். அங்கே பேரன் பிறந்து தவழ்கிறான், அவனைப் பார்த்துக்கொள்வது அந்த அம்மாதான். குழந்தைக்கு ஒவ்வொரு சட்டை பின்னி முடித்ததும் வீடியோவில் கூப்பிடுகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த சொல் இரண்டே இரண்டு. போனுக்கு நேராகச் சட்டையைப் பிடித்து, கழுத்துக்குள் இரண்டு கை விரல்களையும் விட்டு விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் பேரன் வெற்று உடம்போடு கத்துவான். நான் கண்ணாடியை எடுத்து மாட்டி, சாவகாசமாகப் பார்த்து, வாய் திறந்து சொல்கிற வரைக்கும் அவனுக்குச் சட்டை கிடையாது.