சபாபதி கேட்ட ஒரு வரி

சபாபதி இறந்துவிட்டார். இன்று காலை, மாரடைப்பு. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் நகர் கலை மன்றத்தின் செயலாளர்.

காலையிலிருந்து இங்கே ஃபேஸ்புக்கில் 'கலைக் காவலர்', 'தங்கமான மனிதர்' என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேரை அந்த ஹாலுக்குள் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காது. இறந்துவிட்டார் என்பதற்காக மாற்றிச் சொல்லப் போவதில்லை. கூட்டத்துக்கு நேரத்தில் வரமாட்டார். மினிட்ஸ் எழுதமாட்டார். சட்டையின் மேல் பட்டன் எப்போதும் திறந்தே இருக்கும்...

நான் துணைத்தலைவராக இருந்தபோதுதான் அந்த 'பார்ட்னர்ஷிப்' வந்தது. இடம் மாநகராட்சியுடையது. நிகழ்ச்சி நடத்துவது நாங்கள். ஒழுகும் ஹாலைப் புதுப்பித்துத் தருவது மறைமலை நகர்ப் பக்கம் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி. பதிலுக்கு அவர்களுடைய பயிற்சி வகுப்புகள் அங்கே நடக்கும்.

நான் எதிர்த்தேன். அவர்களுக்கு ஒரு கிளாஸ்ரூம் கிடைக்கும், நமக்கு மேடை போய்விடும் என்றேன்.

"மேடம், மழ பெஞ்சா பரதம் ஆடுற பொண்ணு பக்கெட்ட தாண்டித் தாண்டி ஆடுது. கூர வோணுமா வாணாமா, அத்த சொல்லுங்க" என்றார் சபாபதி. கமிட்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஒருநாள் ஒப்பந்த வரைவோடு என் வீட்டு கேட்டில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு வரி சேக்கணும் மேடம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஹாலு ஊர்க்காரங்களுக்கு, வாடக இல்லாம. நமக்கு இங்கிலீஷ் வராது. நீங்க எழுதிக் குட்தீங்கன்னா கம்பெனிக்காரன் பேசாம வாங்கிப்பான்."

"மிஸ்டர் சபாபதி, இந்தக் காகிதத்தில் என் பேனா படாது" என்றேன். கேட்டைத் திறக்கவில்லை. மறுநாள் ராஜினாமா அனுப்பினேன்.

அந்த வரி ஒப்பந்தத்தில் ஏறவேயில்லை. கம்பெனி அதிகாரியிடம் வாய்வார்த்தையாகச் சம்மதம் வாங்கிக்கொண்டார்.

திறப்பு விழாவுக்குப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான். சிரமமே இருக்கவில்லை. அழைப்பிதழில் பார்ட்னர்கள் பெயர்கள் கொட்டை எழுத்தில். கலைஞர்கள்? 'மற்றும் கலை நிகழ்ச்சிகள்'. அவ்வளவுதான்.

முன்வரிசையில் சோபா. ஒருவர் பாக்கியில்லாமல் பொன்னாடை.

படப்பையிலிருந்து வந்திருந்த பறைக்குழு ஐந்து மணிக்கே பறைகளைத் தீயில் காய்ச்சி வைத்திருந்தது. ஏழரைக்கும் பேச்சு முடியவில்லை. ஏசி குளிரில் தோல் தொய்ந்துவிட்டது. குழுத் தலைவர் முருகேசன் என்னிடம் தட்டிக் காட்டினார்.

"கேளுங்கம்மா. அட்டப்பொட்டி மாரி கீது."

மறுபடி காய்ச்ச வேண்டும். வெளியே மழை பெய்து சருகெல்லாம் ஈரம். வளாகத்தில் நெருப்பே கூடாது, ஃபயர் சேஃப்டி என்றார் ஐடி கார்டு மாட்டிய ஒருவர்.

சபாபதி அவரோடு வாதாடவில்லை. மேசையில் இருந்த விழா மலர்ப் புத்தகங்களில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்க சைக்கிள் ஷெட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

பார்ட்னர்களின் வாழ்த்துச் செய்திகள், போட்டோக்கள்... ஒவ்வொரு பக்கமாகக் கிழித்துத் தீ மூட்டினார். வழவழப்பான தாள், புகைந்தது.

"நம்ம மன்றத் தலைவர் மூஞ்சி மட்டும் எரிய மாட்டேன்றது பாருங்க மேடம்." பிறகு, "கமிட்டில சொல்லிடுவீங்களா?"

"நான்தான் கமிட்டியிலேயே இல்லையே."

நான் அப்போது சிரித்ததாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறார். பொய்.

பறை ஒலித்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டம் உள்ளே வந்துவிட்டது. ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. சோபாக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனேன். மூன்றாம் வரிசை. அவரோடு பேசியதில்லை. என் நாற்காலிக்கு மேலே இருக்கும் ஏசியை மட்டும் வந்து அணைத்துவிட்டுப் போவார். நான் கேட்டதில்லை.

இன்று மதியம் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் கம்பெனியின் புது அதிகாரி எழுதினார். 'சாருக்கு ஆழ்ந்த இரங்கல்.'

அடுத்த செய்தியும் அவருடையதுதான். 'ஞாயிறு மாலை ஏற்பாடு சாருடன் பேசியது மட்டுமே. எழுத்தில் எதுவும் இல்லாததால் இந்த வாரம் முதல் ஹால் தர இயலாது.'

அதற்கும் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறீர்கள், கலைக் காவலரின் அன்பர்களே. படித்துப் பார்த்தீர்களா, இல்லையா?

எழுத்தில் இல்லாததற்குக் காரணம் நான். வேறு யாரும் இல்லை.

இப்போது எழுதிவிட்டேன். ஒரே பக்க மனு. கம்பெனிக்கு ஒரு பிரதி, மாநகராட்சிக்கு ஒரு பிரதி. கையெழுத்துப் போடுகிறவர்கள் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஹாலுக்கு வாருங்கள். திறக்காவிட்டால் வாசலில். ஆறு என்றால் ஆறு.

பூ, மாலை, ஃப்ளெக்ஸ் வேண்டாம். பொன்னாடையோடு யாரும் வர வேண்டாம்.

முருகேசனிடம் பேசிவிட்டேன். வருகிறார்கள். "மழ வர மாரி கீதேம்மா, தீ மூட்ட இன்னா பண்றது?" என்று கேட்டார்.

விழா மலர் ஒரு கட்டு என் பரணில் இருக்கிறது. நன்றாகக் காய்ந்திருக்கிறது. நான் கொண்டுவருகிறேன்.

போய் வாருங்கள், மிஸ்டர் சபாபதி. அந்த வரியை எழுதிவிட்டேன்.