பிள்ளைகள் ஓடிய இடத்தில் ஒரு மண்டபம்

புங்குடுதீவில் இறுப்பிட்டிப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நியமனம் கிடைத்துப் போன முதல் நாள், தலைமையாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உமக்குக் கணக்குப் படிப்பிக்க வருமோ?" என்று கேட்டார். பயிற்சிக் கலாசாலையில் உடற்பயிற்சியைச் சிறப்புப் பாடமாகப் படித்தவள் என்று சொன்னேன்.

"அது கடதாசியிலை கிடக்கட்டும். இஞ்சை துள்ளுறதுக்கெண்டு ஆரும் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பிறேல்லை."

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு சரவணையில். காலை பஸ்ஸில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் தாம்போதிப் பாதையைத் தாண்டிப் புங்குடுதீவுக்குப் போய் வருவேன். ஊரில் என் பெயர் சீக்கிரமே மறைந்து "டிரில் ரீச்சர்" என்றானது. கூடப் படிப்பித்தவர்கள் சிரித்துக்கொண்டே, "வெயிலிலை நிண்டு விசில் ஊத ஒரு சம்பளம்" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் ஏன் சிரித்தேன் என்று என் மீதே கோபம் வருகிறது.

எனக்குத் தந்தவை அடி வகுப்புகள். ஐந்து வயதிலிருந்து எட்டு, ஒன்பது வயது வரையான பிள்ளைகள். காலையிலிருந்து மத்தியானம் வரை வாங்குப் பலகைகளில் நெருக்கி இருத்தப்பட்டு, அசைந்தால் குட்டு வாங்கிப் பழகியவர்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓடவும் பாயவும் யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மரக்குற்றியிலிருந்து குதிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் முழங்காலை மடக்காமல் தொப்பென்று விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஓடச் சொன்னால் பின்னால் பார்த்துக்கொண்டே ஓடி ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். "பூனை எப்பிடிக் குதிக்கும்? சத்தம் கேக்குமோ?" என்று கேட்டுக் கேட்டுத்தான் முழங்காலை மடக்கிக் குதிக்கப் பழக்கினேன். பனங்குற்றி ஒன்றை மணலில் படுக்கவைத்து அதன் மேல் நடக்கவிட்டேன். பந்துக்குப் பனையோலையால் பின்னிய பந்து போதுமாக இருந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. பந்து தன்னை நோக்கி வந்தால் கண்ணை இறுக மூடி, கையால் முகத்தைப் பொத்திக்கொள்வாள். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே அவளுக்குப் பந்து எறிவார்கள். நான் என் பழைய நூல்சேலைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் மேலே எறிந்தேன். துணி மெல்ல மிதந்துதான் கீழே வரும். அதைப் பிடிக்கக் கண்ணை மூடத் தேவையில்லை. பிறகு துணியை முடிச்சுப் போட்டு எறிந்தேன். பிறகு கசக்கிய பத்திரிகைக் கடதாசி. இப்படியே போய், ஒரு நாள் ஓலைப்பந்து அவள் நெஞ்சில் பட்டுத் துள்ளுவதற்குள் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துவிட்டாள். பிடித்த பந்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று நின்றாள். அந்தப் பாடவேளை முழுவதும் அவள் பந்தை வைத்திருந்தாள். நானும் விட்டுவிட்டேன்.

இதெல்லாம் நடந்தது பள்ளிக்கூடத்துக்கும் றோட்டுக்கும் இடையில் கிடந்த மணல் வெளியில். பெரிய இடமில்லை. ஆனால் வேலியோரம் வரிசையாகப் பூவரசுகள் நின்றன. களைத்த பிள்ளைகள் அவற்றின் கீழே போய் இருந்துவிட்டு மறுபடியும் ஓடி வருவார்கள்.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து ஒரு முதலாளி வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர். சிங்கள ஊரொன்றில் கடை வைத்து நன்றாக வந்தவர். ஊருக்கு நன்னீர்க் கிணறு ஒன்று கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தகப்பனின் ஞாபகமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மண்டபம் கட்டித் தர விரும்பினார். நல்ல விடயம். பின்பக்கம் பள்ளிக்கூடத்துக்கே சொந்தமான காணி பற்றை பிடித்துக் கிடந்தது. அங்கேதான் கட்டப்போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றார் கூட்டத்தில்தான் தெரிந்தது, கட்டப்போவது முன்பக்க மணல் வெளியில் என்று. பற்றைக் காணியில் கட்டினால் என்ன என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"பின்னுக்குக் கட்டினால் றோட்டாலை போறவைக்குத் தெரியாதெல்லோ," என்றார் தலைமையாசிரியர், இதையுமா விளங்கப்படுத்த வேண்டும் என்பதுபோல.

நான் எழுந்தேன். இளம் பெண், அதுவும் டிரில் ரீச்சர், கூட்டத்தில் எழுந்து கதைப்பது அந்த நாளில் வழக்கமில்லை. "பிள்ளையள் பேந்து எங்கை விளையாடுறது?" என்று கேட்டேன்.

முதலாளி கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு சொன்னார்: "ரீச்சர், நான் இஞ்சை படிக்கேக்கை ஓடுறதுக்கு ஆர் பழக்கினவை? நாங்கள் ஓடேல்லையோ?"

கூட்டம் சிரித்தது.

"ஓம் ஐயா, ஓடினனீங்கள்தான். நீங்கள் ஓடின இடத்திலைதான் இப்ப கட்டப் போறியள்."

சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளி குனிந்து தன் சால்வை நுனியைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்றே நினைக்கிறேன். அதற்குள் தலைமையாசிரியர், "ரீச்சர், நீர் இரும்!" என்று அதட்டினார். நான் இருந்தேன். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

தை பிறந்ததும் கல்லும் மண்ணும் வந்து குவிந்தன. லொறி வந்து திரும்ப இடம் வேண்டுமென்று பூவரசு மரங்களைத் தறித்தார்கள். சீமெந்துத் தூசிக்குள் பிள்ளைகள் நின்று அதைப் பார்த்தார்கள். பந்து பிடிக்கப் பழகிய அந்தப் பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்து, "ரீச்சர், இனி எங்கை?" என்று கேட்டாள். "எங்கை" என்பதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

தலைமையாசிரியரிடம் போய், பின்பக்கப் பற்றையையாவது வெட்டித் துப்புரவாக்கித் தாருங்கள் என்று கேட்டேன்.

"பாம்பு கிடக்கும். ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

"அதுக்குத்தானே சேர் வெட்டச் சொல்லுறன்."

"இப்ப அதுக்கு நேரமில்லை. நீர் அந்தப் பாடவேளையிலை கணக்குச் செய்வியும்."

வாய்ப்பாடு சொல்லவைத்தேன். சில நாள் வாங்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வகுப்புக்குள்ளேயே ஒற்றைக்காலில் நிற்கவும், உருளவும், குனிந்து நிமிரவும் செய்வித்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் என்று முறைப்பாடு சொன்னார். அதுவும் நின்றது.

மண்டபம் எழும்பி முடிந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, யாழ்ப்பாணத்திலிருந்து பதவியில் இருந்த ஒரு பெரியவரை அழைத்தார்கள். அப்போதுதான் தலைமையாசிரியருக்கு என் படிப்பு ஞாபகம் வந்தது.

"சின்னப் பிள்ளையள் வெள்ளைச் சட்டையோடை வரிசையா நிண்டு ஒரு டிரில் செய்து காட்டினால் வடிவாயிருக்கும். நீர் பழக்கிவிடும்."

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. "விளையாட இடமில்லாமல் செய்துபோட்டு, விளையாடுற மாதிரிக் காட்டச் சொல்லுறியளோ சேர்?"

"நீர் படிச்சது உதுக்குத்தானே?"

"உதுக்கில்லை. என்னாலை ஏலாது."

அவர் உடனே மேல்வகுப்பு மாஸ்ரர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தார். மாஸ்ரர் கையில் பிரம்போடு பிள்ளைகளை றோட்டில் நிறுத்தி, கையைத் தூக்கு, இறக்கு, விரி என்று பழக்கினார். சைக்கிளோ மாட்டுவண்டியோ வந்தால் பிள்ளைகள் ஒதுங்குவார்கள். போனதும் மறுபடி வரிசை. என்னைக் கண்டால் மட்டும் கண்ணால் சிரிப்பார்கள்.

விழா நாளன்று எனக்குத் தந்த வேலை, பந்தலுக்குள் இருந்த விருந்தினருக்குச் சர்பத் கொடுப்பது. பந்தல் பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் மண்டபத்துக்கு முன்னால் வெறும் வெயிலில், வெறுங்காலோடு, காலையிலிருந்து நின்றார்கள். பெரியவரின் கார் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர வரவில்லை. மணல் கொதித்தது. பிள்ளைகள் ஒரு காலை மாற்றி மறு காலைத் தூக்கினார்கள். மாஸ்ரர், "ஆடாமல் நில்!" என்று பிரம்பை ஓங்கினார். தண்ணீர் கேட்ட பிள்ளைக்கு, "வரிசை குழம்பும், பேந்து குடிக்கலாம்" என்றார்.

நான் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த சர்பத் குவளைகள் நிறைந்த தட்டு. ஒரு சிறுவன் வாந்தி எடுத்தான். அவனை விலத்தி நிறுத்திவிட்டு இடைவெளியை அடைத்தார்கள். பிறகு அந்தப் பெண்பிள்ளை, பந்தைக் கண்டால் கண்ணை மூடியவள், கண் சொருகிப் பக்கவாட்டில் சரிந்தாள்.

தட்டை ஒரு விருந்தினரின் மடியிலேயே வைத்துவிட்டேன் என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு அது ஞாபகமில்லை. போய் அவளைத் தூக்கினேன். நிழலுக்குத் திரும்பினால் பூவரசு இல்லை. அங்கே நிழல் இருந்தது ஒரே இடத்தில்தான்.

"பிள்ளையள், எல்லாரும் என்னோடை வாங்கோ," என்றேன்.

மண்டப வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. நான் பிள்ளையைத் தோளில் போட்டபடி குனிந்து உள்ளே போனேன். பிள்ளைகளும் குனிந்து குனிந்து பின்னால் வந்தார்கள். ரிப்பனை யாரும் வேண்டுமென்று அறுக்கவில்லை. எந்தப் பிள்ளையின் தோள் பட்டதோ, ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. உள்ளே சீமெந்து நிலம் குளிர்ந்து கிடந்தது. அவளைப் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்தாள். மற்றப் பிள்ளைகளிடம் பந்தலில் இருந்த சர்பத் குவளைகளை எடுத்து வரச் சொன்னேன். குடித்தார்கள். குடித்து முடித்ததும் சுற்றிப் பார்த்தார்கள். மாதக்கணக்காகக் காணாத அகலமான இடம். ஒருவன் மெல்ல ஓடிப் பார்த்தான். பிறகு எல்லோரும் ஓடினார்கள். அந்தச் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. நான் தடுக்கவில்லை.

பெரியவரின் கார் வந்து நின்றது அப்போதுதான்.

"என்ன விசர் வேலை இது?" என்று தலைமையாசிரியர் ஓடி வந்தார். முதலாளி வாசலில் நின்று ஓடுகிற பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ரிப்பனைத் திருப்பிக் கட்டுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கட்டினார்கள். பெரியவர் வெட்டினார். பிள்ளைகள்தான் நாட்டின் செல்வம் என்று நெடுநேரம் பேசினார். அந்தச் செல்வங்களை அதற்குள் பின்கதவால் வெளியே துரத்தியிருந்தார்கள்.

விசாரணை வந்தது. கல்வித் திணைக்களக் கந்தோர் ஒன்றில், மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, ஒரு கரையில் தலைமையாசிரியர். எனக்குக் கதிரை தரவில்லை.

"நீர் ஏன் ரிப்பனை அறுத்தனீர்?"

"நான் அறுக்கேல்லை. பிள்ளையளை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனனான்."

"திறக்காத மண்டபத்துக்கை போக ஆர் அனுமதி தந்தது?"

"சேர், விழுந்த பிள்ளை இப்ப எப்பிடி இருக்கிறாள் எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை."

"அது வேறை விசயம்," என்றார் அதிகாரி.

அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குள் எரிகிறது. எங்கள் கந்தோர்களுக்கும் கூட்டங்களுக்கும் பிள்ளை எப்போதும் வேறை விசயம்தான். மண்டபம், ரிப்பன், வருகிற பெரியவர், றோட்டால் போகிறவர்கள் கண்ணில் படுவது, இவைதான் பள்ளிக்கூடம். ஆறு வயதுக் கால் ஒன்று சுடுமணலில் நிற்கிறது என்பதை எழுதிக்கொள்ள அவரிடம் இடமில்லை.

கடலுக்கு அப்பால் தள்ளிக் கிடந்த நெடுந்தீவுக்கு மாற்றம் தந்தார்கள். அந்தக் காலத்தில் ஆசிரியர்களுக்கு அது தண்டனை. வீட்டில் அம்மா அழுதா. ஐயா, "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்," என்றார். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குப் பிரியாவிடை வைக்கவில்லை. நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பெண்பிள்ளையின் தாய் வந்தா. கூலி வேலைக்குப் போகிறவ. "ரீச்சர், அந்தப் பத்தைக் காணியை நாங்கள் வெட்டினால் என்ன?" என்று கேட்டா.

"வெட்டுங்கோ அக்கா. ஆரையும் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ."

வெட்டத் தொடங்கினார்களாம். அவவும் இன்னும் சில தாய்மாரும் ஒரு சனிக்கிழமை கத்தி, கோடாலியோடு போய்ப் பாதிக் காணியைத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை தலைமையாசிரியர் அவர்களைக் கூப்பிட்டு, அரசாங்கக் காணியில் அனுமதி இல்லாமல் கைவைத்ததற்குப் பொலிசில் சொல்வேன் என்று வெருட்டினாராம். அடுத்த மாரியோடு பற்றை மறுபடி மூடிவிட்டது. மண்டபம் பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் திறக்கும். மற்ற நாளில் பூட்டு. இதையெல்லாம் அங்கே படிப்பித்த ஒரு ரீச்சர் பிறகு எனக்குச் சொன்னா.

நெடுந்தீவில் லோஞ்சுப் படகை விட்டு இறங்கி, கல் அடுக்கிய வேலிகளுக்கு இடையால் நடந்து புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கடல் பயணத்தில் தலை சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டில்தான். ஆனால் அதன் முன்னால் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது; அங்கங்கே மாடுகள் மேய்ந்தன. அங்கிருந்த தலைமையாசிரியர் வயதானவர். எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்.

"சேர், இந்த வெளி ஆருக்குச் சொந்தம்?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தின்ரைதான்."

"இதிலை ஏதும் கட்டிடம் கட்டப் போகினமோ?"

அவர் சிரித்தார். "பிள்ளை, இஞ்சை ஆர் வந்து கட்டப் போகினம்? எங்களை ஆர் திரும்பிப் பாக்கினம்?"

அவர் அதை மனவருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கோ அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்பட வேண்டியிருந்ததே என்று அடுத்த கணமே கோபமும் வந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, அடி வகுப்புப் பிள்ளைகளை வெளியில் விடலாமோ என்று கேட்டேன்.