கிளட்ச் மிதியில் இருந்த தடம்

காய்ந்த கொட்டாங்கச்சியைச் சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்த்தால் எழும் ஓசை எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது, எங்கள் பழைய காரின் கிளட்ச்சை மிதிக்கும்போது அடியிலிருந்து வந்த சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். மிதித்தால் மறுபடி வரும். எனக்கு அப்போது பதினைந்து வயது. உத்திரமேரூருக்கு அருகில் எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்பதால் அந்தச் சத்தம் இரண்டே நாளில் ஊர்ச்செய்தியாகிவிட்டது. ஏரிக்கரையில் துணி துவைத்த பெண்கள்கூட, “அய்யா வண்டிக்கு இருமல் வந்துட்ச்சுடி” என்று சிரித்தார்கள்.

வண்டியை ஓட்டியவர் கன்னியப்பன். சேரியில் பிறந்து, லாரியில் ‘கிளீனர்’ வேலைக்குப் போய், லைசென்ஸோடு ஊர் திரும்பியவர். அவர் தெருவில் அதை வாங்கிய முதல் ஆள். காக்கிச் சட்டைப்பையில் அதை எப்போதும் வைத்திருப்பார். ஆனால் எங்கள் காரில் ஏறும்போது செருப்பைக் கார்க் கொட்டகையின் ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை; எழுதி வைக்கத் தேவையும் இருக்கவில்லை. காஞ்சிபுரம் போனாலும் மதுராந்தகம் போனாலும், வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் இறங்கி அப்பாவுக்குக் கதவு திறந்துவிடும்போது அவர் வெறுங்காலோடுதான் நிற்பார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

அந்தக் கோடையில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அப்பா தூங்கும் நேரத்தில், நான் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகையை ஒட்டியிருந்த நெற்களத்துக்குப் போய் வண்டி ஓட்டிப் பழகினேன். அறுவடை முடிந்து களம் காலியாகக் கிடந்தது. எஞ்சின் நின்றுவிட்டால் களத்தின் நடுவில் மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில், கிளட்ச்சின் மேல் வைத்த காலை நான் எடுப்பதே இல்லை. பாதி அழுத்தியபடியே சுற்றிச் சுற்றி வருவேன். காலில், அடிமுனையில் இரும்பு லாடம் அடித்த தோல் செருப்பு. ஒருநாள் கன்னியப்பன் பார்த்துவிட்டார். “சின்னய்யா, மிதிச்சா முழுசா மிதிங்க, இல்லன்னா கால எட்த்துடுங்க. சும்மா அது மேல குந்திக்கினே இருந்தா அது இன்னா பண்ணும், பாவம்!” என்றார். அப்பாவிடம் அவர் சொல்லவில்லை. நானும் காலை எடுக்கவில்லை.

சத்தம் பெரிதானதும் அப்பா, கன்னியப்பன், நான் மூவரும் உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குப் போனோம். மெக்கானிக்கை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “இன்னா கன்னியப்பா, கல்யாணப் பொண்ணாட்டம் வெச்சிக்கினு இருந்தியே வண்டிய, இப்ப மாமியாராட்டம் கத்துது?” என்று கேட்டுக்கொண்டே அவர் வந்தார். கியர் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதிக்கச் சொன்னார், விடச் சொன்னார். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் இடத்தில் ஒரு நீளத் திருப்புளியின் முனையை ஊன்றி, அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“மிதிச்சா கத்துது, வுட்டா நின்னுடுது. கியர்ப்பொட்டி நல்லா கீது அய்யா. ரிலீஸ் பேரிங் பூட்ச்சு.”

மிதியை அழுத்தும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய பாகம் அது. மிதியின் மேல் எப்போதும் கால் இருந்தால், ஓய்வில்லாமல் உரசித் தேய்ந்துவிடும். பாய் அதையும் சொன்னார். “யாரோ கால வெச்சிக்கினே ஓட்டிகிறாங்க” என்றபடி கதவைத் திறந்து, குனிந்து, மிதியின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். அதில் அரைவட்டமாகச் சின்னச் சின்ன வெட்டுகள், இரும்பு பதிந்த தடம். அவர் கன்னியப்பனின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். “அய்யா, வண்டிய வேற யாராச்சும் எட்த்தாங்களா?” என்று மெல்லக் கேட்டார்.

“வேற யாரு எடுக்கப் போறாங்க? இவன் ஒருத்தன்தானே” என்றார் அப்பா.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். அது கெஞ்சும் பார்வை இல்லை; காத்திருக்கும் பார்வை. நான் என் இரண்டு கால்களையும் டயருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பாய் கந்தல் துணியில் கையைத் துடைக்க ஆரம்பித்தார். “சாவிய அங்க வெச்சிட்டுப் போடா” என்றார் அப்பா. கன்னியப்பன் சாவியைக் காரின் முன்மூடியின் மேல் சத்தம் வராமல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வெயிலில் இறங்கி நடந்தார். வண்டியைக் கெடுத்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பின் யாரும் அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. செங்கல் சூளைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

பயத்தால் பேசாமல் இருந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. உண்மை தெரிந்திருந்தால் அப்பா இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, மகன் கார் ஓட்டுகிறான் என்று உள்ளுக்குள் மகிழ்ந்திருப்பார். எனக்கு நேரக்கூடியது எதுவுமே இல்லை. என் தவறைக் கன்னியப்பன் சுமப்பது எனக்கு அன்று இயல்பாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இந்தத் தை மாதம் பேரன் புதுக் கார் வாங்கினான். முன்னால் உட்கார்ந்து பார்த்தபோது, கிளட்ச் மிதி இருக்க வேண்டிய இடம் வெறுமனே இருந்தது. இப்போதெல்லாம் அது இல்லாமலே வருகிறதாம். மறுவாரம் கன்னியப்பன் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. மகள் அஞ்சலை வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கே அறுபது வயதிருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“எங்க நைனா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே சார். சண்டையில எங்கம்மா, ‘காரக் கெட்த்த காலு’ன்னு திட்டும். அப்பக்கூட சிரிச்சிக்கினு குந்தினு இருப்பாரு.”

மன்னிக்க வேண்டும் என்றேன்.

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவுது? தெருவுல சொல்லுங்க” என்று மடியை உதறிவிட்டு எழுந்தார்.

அவர் பின்னால் நடந்தேன். அன்று அந்தப் பேச்சைப் பேசியவர்கள், கேட்டவர்கள், நம்பியவர்கள் அநேகமாக யாரும் இப்போது இல்லை. வீடுகளில் இருந்தவர்களுக்குக் கன்னியப்பன் என்ற பெயரே புதிது. மிஞ்சியிருந்தவர் ஒரே ஒரு பெரியவர். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். அவரை எழுப்பி உட்கார வைத்தார் அஞ்சலை. நான் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் காதருகில் கையைக் குவித்துக்கொண்டார்.

“இன்னா? காது கேக்கலப்பா. கத்திச் சொல்லு.”

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்று, தெரு முழுதும் கேட்கும்படி சொன்னேன்: “காரைக் கெடுத்தது கன்னியப்பன் இல்லை. நான்.”