டயருக்குள் சிவப்பு நூல்

தோழிகளே, இன்று அரக்கோணம் பெண்கள் பள்ளியில் எனக்கு இன்டர்வியூ.

திருத்தணியிலிருந்து ரயிலில் போயிருக்கலாம். நைனா விடவில்லை.

"பி.ஏ. படிச்ச பொண்ணு ரயில்ல நசுங்கிகினு போவுமா? நம்ம வண்டி இன்னாத்துக்கு இருக்குது?"

நம்ம வண்டி என்பது, ஒரு ஜமீன்தார் வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய மோட்டார். தறியில் உட்காராத நேரமெல்லாம் நைனா அதைக் கொல்லையில் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். எல்லாம் சரியாகிவிட்டது, ஒரு டியூபைத் தவிர. யுத்தம் வந்தபின் டியூப் எங்கே கிடைக்கிறது? சாயம் பிசகிய சிவப்பு நூலை முறுக்கி, காற்றுக்குப் பதிலாக டயருக்குள் திணித்துவிட்டார்.

ஊரைத் தாண்டியதும், நாங்கள் முந்திப்போன மாட்டுவண்டிக்காரர் பின்னாலிருந்து கூவினார்.

"யோவ், சக்கரம் நூல் வுட்டுகினு போவுதுயா! காத்தாடி வுடறியா?"

இறங்கிப் பார்த்தோம். டயர் கிழிந்திருந்தது. வந்த வழியெல்லாம் சிவப்புக் கோடு.

நைனா டயரைத் தொடவில்லை. நூலை முழங்கையில் சுற்றிக்கொண்டே ஊர்ப்பக்கம் நடந்தார்.

"நைனா, நேரமாவுது."

"நூல் கெடைக்காத காலத்துல ரோட்டுல வுட்டுட்டு வர சொல்றியாம்மா?"

அப்போது அரக்கோணம் ரயில் எங்களைக் கடந்து போனது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அதே மாட்டுவண்டியில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வேறொருத்தியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"டயர நாளைக்கே தெச்சிடலாம்மா" என்றார் நைனா, மடியில் நூல்கண்டோடு.

"ஆங்" என்றேன்.

யாரிடமாவது பழைய டியூப் இருந்தால் எழுதுங்கள். வேலை இருந்தாலும் எழுதுங்கள், ரயிலில் வருகிறேன்.